ஒரே தண்ணீரில் இரண்டு ஷோல்

‘ஷோல்’ என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடினால் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஒன்றுக்குப் பொருள், ஆழமில்லாத நீர், அல்லது நீருக்கடியில் மேடுதட்டி நிற்கும் மணல். இன்னொன்றுக்குப் பொருள், மீன் கூட்டம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இரண்டாவதை மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்டுக்கு இது, தேனீக்கு இது, மீனுக்கு இது என்று கூட்டுப்பெயர்ப் பட்டியல் ஒன்று உண்டே, அதில் வரும். மனப்பாடம் செய்து ஒப்பித்தோம், மறந்தோம். முதல் பொருள் கண்ணில் பட்டது ரொம்பப் பின்னால், பாக் நீரிணையின் கடல் வரைபடம் ஒன்றைப் பார்த்தபோது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டுகளுக்குப் பக்கத்தில் இந்தச் சொல் இருந்தது. அந்தப் பக்கத்து மீனவர்கள் அவற்றைத் தீடை என்பார்கள். ஒன்றாம் தீடை, இரண்டாம் தீடை என்று எண்ணிக்கொண்டே போவார்கள்.

இந்த இரண்டு பொருளுக்கும் ஒரே வேர்தான் இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆழமில்லாத இடத்தில் மீன் கூடும், அதனால் இடத்தின் பேர் கூட்டத்துக்கும் வந்திருக்கும் என்று நாமே ஒரு கதை கட்டிவிடலாம். மொழி வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. நீரைக் குறிக்கும் ஷோல், பழைய ஆங்கிலத்தில் ‘ஷால்ட்’ என்பதுபோல ஒலித்த ஒரு பெயரடையிலிருந்து வந்தது. அதற்கு ஆழம் குறைந்தது என்று பொருள். இங்கிலாந்தில் சர்ரே பகுதியில் ஷால்ஃபோர்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆழமில்லாத ஆற்றுத்துறை என்பதுதான் அந்தப் பேர். மீன் கூட்டத்தைக் குறிக்கும் ஷோல் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அதற்கு உறவு மத்தியகால டச்சு மொழியின் ‘ஸ்கோல’. திரள், படை, கூட்டம் என்று பொருள். வட கடலில் ஹெர்ரிங் மீனைத் துரத்திப் போன டச்சு மீனவர்களும் ஆங்கில மீனவர்களும் ஒரே தண்ணீரில் வலை போட்டவர்கள். சொல்லும் அப்படிக் கைமாறியிருக்கும் என்பது என் ஊகம்.

இதே டச்சுச் சொல் இன்னொரு வேலையும் செய்தது. மீன் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்கூல்’ என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் படிக்கிற ஸ்கூலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிள்ளைகளின் ஸ்கூல் கிரேக்கத்தில் ஓய்வு நேரத்தைக் குறித்த ‘ஸ்கோலே’ என்பதிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. மீன்களின் ஸ்கூல் டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. இந்தக் குழப்பத்தில் ஷேக்ஸ்பியரும் மாட்டிக்கொண்டிருக்கிறார். ‘மேக்பெத்’ நாடகத்தில், கொலைக்கு முன் மேக்பெத் தனக்குள் பேசிக்கொள்ளும் இடத்தில், 1623ஆம் ஆண்டு அச்சுப் பதிப்பில் ஸ்கூல் என்று ஒரு சொல் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பதிப்பாசிரியர் லூயிஸ் தியோபால்ட், இது பள்ளிக்கூடம் இல்லை, காலம் என்னும் கடலில் நிற்கும் மணல் திட்டு என்று கண்டு ஷோல் என்று திருத்தினார். இன்று பெரும்பாலான பதிப்புகளில் அவர் திருத்தம்தான் நிற்கிறது.

சரி, அகராதிக்காரர்கள் இரண்டையும் பிரித்து வைத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. காரணம் எங்கள் ஊர்க் கம்மாய். கண்மாய் என்று எழுதுவோம், கம்மாய் என்று சொல்வோம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், பாதி கரிசலும் பாதி செவலுமாகக் கிடக்கிற வானம்பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. கடல் இங்கிருந்து வெகுதூரம். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதைப் பார்க்க வேண்டுமானால் இந்த வறண்ட சீமைக்குத்தான் வர வேண்டும்.

திருச்சுழியின் பேரே தண்ணீரில் பிறந்தது. தேவாரத்தில் அது திருச்சுழியல். சுந்தரர் பாடிய தலம், பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று. பிரளய வெள்ளம் சூழ்ந்தபோது சிவன் சூலத்தால் நிலத்தில் துளை போட, வெள்ளம் அதற்குள் சுழித்து இறங்கியதாகத் தலபுராணம். மாசித் திருவிழா சமயத்தில் கோயில் குளத்துத் தண்ணீர் நாளுக்கு ஒரு படியாக ஏறி, பிறகு அதே கணக்கில் இறங்கும் என்பது ஊர் நம்பிக்கை. 1879இல் இந்த ஊரில் பிறந்த ரமண மகரிஷியின் வரலாற்று நூல்களிலும் அந்தக் குளம் வரும். ஊரை ஒட்டி ஓடுவது குண்டாறு. திருமங்கலம் பக்கமிருந்து வந்து திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவுக்குப் போகிற ஆறு. ஓடுவது என்று எழுதிவிட்டேன். வருசத்தில் பெரும்பாலான நாள் அது மணல்தான்.

வெள்ளத்தின் பேரை ஊருக்கு வைத்துக்கொண்டு, தண்ணீரைக் கம்மாயில் பிடித்து வைத்துப் பிழைக்கிறவர்கள் எங்கள் ஆட்கள். ஒரு கம்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் மறுகால் தண்ணீர் அடுத்த கம்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அடுத்ததற்கு. மீனும் அந்த வழியே போகும். ஐப்பசியில் புதுத்தண்ணீர் வரத்துக்காலில் இறங்கியதும், பள்ளத்தில் கிடந்த மீன் தண்ணீரை எதிர்த்து ஏறும். கெண்டை, கெளுத்தி, குரவை எல்லாம் முட்டையோடு மேட்டுக்கு ஏறுகிற நேரம். வாய்க்காலில் பறி வைத்தால் விடியும்போது நிறைந்திருக்கும். இந்த ஏற்றத்தில் பனையேறிக் கெண்டை ஈரத்தரையிலேயே செவுளை ஊன்றி நகர்ந்து போகும். 1791இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் படை அதிகாரி, அது பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். அந்தக் குறிப்பு லண்டன் லின்னேயன் சங்கம் வரை போயிற்று. மரம் ஏறுமா ஏறாதா என்று அதன்பிறகு அறிஞர்கள் வெகுகாலம் வாதாடியிருக்கிறார்கள். தரையில் ஏறும் என்பதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தண்ணீர் நின்று தெளிந்த பிறகுதான் மீன் கூட்டம் என்பதன் அழகு தெரியும். கார்த்திகை, மார்கழியில் கம்மாயின் உள்வாய் ஓரம், புல்லும் கோரையும் முங்கிக் கிடக்கிற இடத்தில், காலையில் போய் அசையாமல் நிற்க வேண்டும். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இருக்கும். ஓரிடத்தில் மட்டும் மழைத்துளி விழுவதுபோலப் பொடிப்பொடியாக வட்டங்கள் கிளம்பும். வானத்தில் மேகம் இருக்காது. உற்றுப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில், ஒரு பந்தாகச் சேர்ந்து மேலே வந்து காற்று வாங்கிவிட்டு உள்ளே போகும். சில நொடியில் இரண்டடி தள்ளி மறுபடி வரும். பந்து போகிற திசையில் நிழல் ஒன்று கூடவே நகரும். அதுதான் தாய் விரால், இல்லை தகப்பன் விரால். இரண்டுமே காவல் இருக்கும். தவளை நெருங்கினால் பாயும், தண்ணீர்ப் பாம்பு நெருங்கினால் பாயும், நாம் காலை எடுத்து வைத்தாலும் பாயும். குஞ்சுகள் நிறம் மாறிக் கறுக்கும்வரை இந்தக் காவல். வளர்ந்த விரால் தனியாள். கூட்டம் சேராது, மற்ற மீனைத் தின்னும். குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் அது ஷோல். அந்தப் பருவத்துக்கு அது தேடுவதும் ஆழமில்லாத ஷோலைத்தான்.

ஓரத்துத் தண்ணீர் எதற்கு? வெயில் அடிவரை இறங்குவதால் தண்ணீர் சூடாக இருக்கும், பாசியும் பூச்சியும் நிறையக் கிடைக்கும், புல்லில் ஒளியலாம், பெரிய மீன் சுலபமாக வர முடியாது. கடலிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது. கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் ஒரு பெரிய மேடு இருக்கிறது, வாட்ஜ் பேங்க் என்று பேர். ஒளியும் சத்தும் சேர்வதால் மீன் குவிகிற இடம். 1976இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டில் அதன் உரிமை இந்தியாவுக்கு என்று எழுதி வாங்கினார்கள். சொற்கள் வேறு வேறு வீட்டில் பிறந்தவையாக இருக்கலாம். தண்ணீர் மெலிகிற இடத்தில் மீன் சேர்வது சொல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நடந்து வருகிற விஷயம்.

ஆழத்தைச் சொல்ல எங்கள் பக்கத்தில் அளவுகோல் உடம்புதான். கணுக்கால் தண்ணி, கெண்டைக்கால் தண்ணி, முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி, கழுத்துத் தண்ணி, அதற்கு மேல் ஆள் முங்குற தண்ணி. இதில் கெண்டைக்கால் என்ற பேரை யோசித்துப் பாருங்கள். காலின் பின்சதை கெண்டை மீன் வடிவில் திரண்டிருப்பதால் வந்த பேர் அது. ‘கெண்டைக்கால் தண்ணிதான் கிடக்கு’ என்று கரையில் நின்று ஒருவர் சொன்னால், ஆழமின்மையும் மீனும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. ஆங்கிலம் இரண்டு பதிவு போட்டுப் பிரித்ததை எங்கள் ஆட்கள் காலிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும்.

மீன் ஆராய்ச்சிக்காரர்கள் கூட்டத்திலும் வகை பிரிக்கிறார்கள். டோனி பிட்சர் என்ற அறிஞர் 1980களில் வகுத்த முறை இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றையொன்று விரும்பிச் சேர்ந்து நின்றால் ஷோல். சேர்ந்தது மட்டுமில்லாமல் ஒரே திசையில், ஒரே வேகத்தில், ஒன்றாகத் திரும்பினால் ஸ்கூல். இரை கிடக்கிறதே என்று வந்து கூடியதோ, தண்ணீர் வற்றி வேறு வழியில்லாமல் ஒரே குழியில் மாட்டியதோ இரண்டிலும் சேராது. அது வெறும் கூடல். உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு என்ற உறுப்பால் அண்டை மீனின் அசைவை உணர்வதும், கண்ணால் பார்ப்பதும் சேர்ந்துதான் அந்த ஒற்றுமையைத் தருகின்றன. கெண்டைக்கூட்டத்தின் மேல் கையை நீட்டினால் நிழல் பட்ட நொடியில் மொத்தமும் ஒரு பக்கம் வெள்ளையாகத் திரும்பி மறைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தக் கணக்குப்படி எங்கள் கம்மாயில் வருசத்துக்கு இரண்டு கூட்டம். ஐப்பசி முதல் தை வரை மீன் தானாகச் சேர்கிற கூட்டம். மாசிக்கு மேல் தண்ணீர் சேர்த்து வைக்கிற கூட்டம். மாசியில் கரையோரம் வெடிக்க ஆரம்பிக்கும். பங்குனியில் உள்வாய் முழுக்கப் பாளம் பாளமாகப் பிளந்து, நடுப்பள்ளத்திலும் மடை முன்னால் உள்ள குழியிலும் மட்டும் தண்ணீர் நிற்கும். அத்தனை மீனும் அங்கேதான். சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறைவதால் விடிகாலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். நீர்க்காகங்கள் கூட்டமாக இறங்கி மீனை ஓரத்துக்குத் தள்ளி முங்கி முங்கிப் பிடிக்கும். நாரை, கொக்கு, கூழைக்கடா எல்லாம் கணக்குப் போட்டு வைத்ததுபோல வந்து சேரும். குண்டாறு போகிற முதுகுளத்தூர்ச் சீமையில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கம்மாய்கள் பறவைச் சரணாலயங்களாக இருப்பதும், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் இந்த ஆழமில்லாத தண்ணீரின் புண்ணியத்தில்தான்.

பிறகு மனிதர்கள். குத்தகைதாரர் வலை இழுத்து முடித்தபின் ஒரு நாள் குறித்து அழிகம்மாய் என்று அறிவிப்பார்கள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் விடிவதற்கு முன்பே கரையில் நிற்கும். பெரியவர் ஒருவர் துண்டை வீசியதும் மொத்தக் கூட்டமும் இறங்கும். கையில் ஊத்தா. மூங்கில் சிம்பில் பின்னிய அடியில்லாத கூடை. கீழே அகலம், மேலே கை நுழைகிற அளவு வாய். சேற்றுத் தண்ணீரில் சட்டென்று குத்தி வைத்தால், உள்ளே மீன் மாட்டியிருந்தால் சுவரில் முட்டுகிற அதிர்வு கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். என் பெரியப்பா அதில் கெட்டிக்காரர். சின்னப் பையனாகப் பக்கத்தில் நின்ற என்னிடம், “அவசரப்படாதப்பா. முட்டு கனமா இருந்தா விரால், படபடன்னு இருந்தா கெண்டை. ஒண்ணுமே இல்லாம இருந்தா கையை விடாத, கெளுத்தி முள்ளை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்” என்பார். கெளுத்தி முள் குத்தினால் சாயங்காலம் வரை கடுக்கும்.

கலங்கிய தண்ணீரின் அடியில் பெண்கள் சேலையைப் பிடித்து அயிரை அரித்து எடுப்பார்கள். விரலளவுகூட இருக்காது, மண்ணுக்குள்ளேயே கிடக்கிற மீன். உயிரோடு கொண்டுவந்து பால் கலந்த தண்ணீரில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, கல்லுப்புப் போட்டுச் சட்டியில் உரசிக் கழுவி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் அதற்கு ஈடு கிடையாது. மதுரைக் கடைகளில் இன்று அயிரைக் குழம்பின் விலையைக் கேட்டால் எங்கள் அப்பத்தா நம்ப மாட்டார்.

ஷோல் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் வரும். நீர்நிலை மேடுதட்டி ஆழம் குறைந்துகொண்டே வந்தால் அதையும் ஷோல் என்றே சொல்வார்கள். நாங்கள் தூர்ந்துபோச்சு என்போம். இந்த மூன்றாவது பொருளைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. கரிசல் மண் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து வந்து கம்மாயில் படிகிறது. முன்பு வருசாவருசம் வண்டி கட்டி வண்டலை அள்ளித் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மாடும் வண்டியும் போனபின் வண்டல் அங்கேயே தங்கிவிட்டது. தங்கிய மேட்டில் சீமைக்கருவேலம் முளைத்து, அதன் வேர் மண்ணைப் பிடித்து, மேடு இன்னும் மேடானது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்தைத் திட்டமாகக் கொண்டுவந்து பல கம்மாய்களைத் தோண்டியது, நல்ல காரியம். ஆனால் பொக்லைன் வைத்து அடிமட்டத்தை ஒரே சமமாக வழித்த இடங்களில் மீனுக்கு ஒரு கஷ்டம் வந்தது. கம்மாய்க்கு மேடும் வேண்டும், பள்ளமும் வேண்டும். மேடு குஞ்சு வளர, பள்ளம் கோடையில் தாய் மீன் தங்க. சமமாக இருந்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே நாளில் வற்றும்.

விரால் மட்டும் இதிலும் தப்பும். ஈரச் சேற்றுக்குள் புதைந்து, செவுளுக்கு மேலே உள்ள அறையில் நேரடியாகக் காற்றை மூச்சாக இழுத்து அடுத்த மழைவரை கிடக்கும். கெண்டையால் அது முடியாது. கெண்டை போன இடத்தில் ஜிலேபி வந்து உட்கார்ந்துவிட்டது. அது ஆப்பிரிக்க மீன். 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தமிழ்நாட்டுக் கம்மாயெல்லாம் பரவியது. எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்து அடைகாக்கும். அதைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, எத்தனையோ வீட்டுச் சட்டியை நிறைத்த மீன். ஆனால் ஓரத்தில் நின்று பார்க்கும்போது முன்பு கெண்டை திரும்பிய வெள்ளை மின்னல் இப்போது அபூர்வம்.

எங்கள் கம்மாயில் மடை முன்னால் இருக்கிற குழியைப் பெரியப்பா காலத்தில் யாரும் தொட மாட்டார்களாம். அழிகம்மாய் அன்றுகூட அதற்குள் ஊத்தா இறங்காது. சித்திரை வெயிலில் மாட்டுக்குக் குடிதண்ணீர் அதுதான், அடுத்த வருசத்து மீனுக்கு விதையும் அதுதான். இப்போது குத்தகை விடும்போது அந்தக் குழியும் சேர்ந்தே ஏலம் போகிறது. எடுத்தவர் மோட்டார் வைத்துக் கடைசிச் சொட்டுவரை இறைத்து அள்ளுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, பணம் கட்டியிருக்கிறார். இந்த வருசம் ஏலத்துக்கு முன்னால் நடக்கிற ஊர்க்கூட்டத்தில், மடைக்குழியை இறைக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டு ஏலம் விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். குத்தகைத் தொகை அதனால் கொஞ்சம் குறையும். அந்தக் குறைச்சலை அயக்கட்டுக்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று போட்டுக் கட்ட முடியுமா என்று என் மாமாவிடம் பேசினேன். “கேட்டுப் பாருய்யா, நான் போடுறேன்” என்றிருக்கிறார். இன்னும் நாலைந்து பேரைப் பார்த்துப் பேச வேண்டும்.